அக்காவின் இங்கிலீஷ் வகுப்பும் அத்தானின் வசனமும்

சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில், மெஷினிலிருந்து சுடச்சுட வரும் தாளுக்கு ஒரு மணம் இருக்கும். மை லேசாகக் கருகினது போல... அக்கா அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். பின்னால் நான்.

மாடியில் இங்கிலீஷ் ரியூசன். எனக்கும் அந்த வகுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புதிதாகக் கலியாணமானவள் தனியாகப் பஸ்ஸில் போய்வரக் கூடாதென்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தார். கடைசி வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு இங்கிலீஷ் கடகடவென்று ஏறியது. அக்காவுக்குத்தான் ஏறவில்லை.

அக்காவுக்கு லண்டன் மாப்பிள்ளை. அரியாலையில் கலியாணம் நடந்து, லீவு முடிய அத்தான் திரும்பிவிட்டார். அக்கா அவரிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் கொழும்பில் ஓர் இங்கிலீஷ் சோதனை பாஸ் பண்ண வேண்டும். கொஞ்சம் பேசவும் கேட்டு விளங்கவும் தெரிந்தால் போதும் என்றார்கள். அந்தக் கொஞ்சமே அக்காவின் நித்திரையைக் கெடுத்தது. முதல் தடவை ஃபெயில்.

"வெள்ளைக்காரர் ரெண்டு ரெண்டு சொல்லாச் சேர்த்துத்தான் கதைப்பினம். உதுகளைப் பிடிச்சிட்டீர் எண்டால் பயமில்லை" என்றார் மிஸ்.

'புட் ஒஃப்' என்றால் தள்ளிப்போடுதல். 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரித்தல்.

'லுக்' தெரியும், 'ஆஃப்டர்' தெரியும்... இரண்டும் சேர்ந்தால் எப்படிப் பராமரித்தல் ஆகும்? அக்கா அழாத குறை.

மிஸ் ஒரு வழி சொன்னார். "புத்தக வசனம் வேண்டாம். ஒவ்வொண்டுக்கும் உங்கடை வாழ்க்கையிலை நடந்த உண்மையைச் சொல்லுங்கோ. அப்பத்தான் மறக்காது."

வீட்டில் கிணற்றடியில்தான் சிக்னல் கிடைக்கும். பின்னேரம் அத்தான் கோல் எடுப்பார். அதுவரைக்கும் அவர்கள் இருவரும் தமிழில் பேசியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

பாவம், பழக நாளே கிடைக்காத புருஷன் பெண்சாதி.

மிஸ் சொன்ன வழியை அக்கா அத்தானிடம் சொல்ல, அவரும் சம்மதித்தார். நான் தாளைப் பார்த்துச் சொல்லை வாசிப்பேன். ஸ்பீக்கரில் ஆளுக்கொரு உண்மை வசனம். அத்தானுக்கு அங்கே ஒரு தமிழ்க் கடையில் வேலை. அவருடைய இங்கிலீஷும் அக்காவுடையதை விட ஒரு முழம்தான் கூட.

'ரன் அவுட் ஆஃப்', தீர்ந்துபோதல். "வீ ரன் அவுட் ஆஃப் கோக்கனட்ஸ்" என்றாள் அக்கா.

"தென்மராட்சியிலை தேங்காய் முடிஞ்சதோ? பொய்!" என்றார் அத்தான். எங்கள் தென்மராட்சிப் பக்கம் முழுக்கத் தென்னைதான். மூவருக்கும் சிரிப்பு.

அடுத்தது 'லுக் ஃபோர்', தேடுதல். அத்தானின் முறை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஐ ஆம் லுக்கிங் ஃபோர் எ ஜொப்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். தேடுதல்தான்.

"யூ ஹாவ் ஜொப்..." என்றாள் அக்கா மெதுவாக.

"நோ. ஷொப் குளோஸ்ட் டவுன்."

அவருக்கு வேலை இல்லையென்றால் அக்கா சோதனை பாஸ் பண்ணியும் விசா இல்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியும். அதற்கு முதல் நாள்கூடத் தமிழில் கேட்டபோது, "வேலை பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருந்தார்.

குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அக்கா தமிழில் ஒரு சொல் கேட்டாலும் அம்மாவுக்கு விளங்கிவிடும். அம்மாவோ யன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன வடிவாக் கதைக்கினம்!" என்று பூரித்துப்போய் நின்றார்.

அக்கா யன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். "அடுத்ததை வாசி" என்றாள் என்னிடம்.

அடுத்தது 'கிவ் அப்', கைவிடுதல். எனக்கு வாசிக்கவே மனம் வரவில்லை. ஆனாலும் வாசித்தேன்.

"ஐ வில் நொட் கிவ் அப் யூ" என்றாள் அக்கா.

இலக்கணப்படி அதில் 'ஒன்' என்று ஒரு சொல் குறையும். அத்தான் திருத்தவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அத்தான் நடந்ததையெல்லாம் அந்த இரண்டு சொல் வசனங்களில் சொன்னார். எங்கே வேலை கேட்டுப் போனார், யார் மறுத்தார்கள், யாருடைய அறையில் ஒண்டியிருக்கிறார்... எல்லாம். சில மாதத்தில் வேறு கடையில் வேலை கிடைத்தது. அக்கா இரண்டாம் தடவை பாஸ். விசா வந்தது, போய்விட்டாள். அம்மாவுக்கு இன்றுவரை இந்தக் கதை தெரியாது. அவர் முகநூலில் இல்லை என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் இருவரும் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த கோலுக்கு இரண்டு பேரும் மாறி மாறி இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார்கள். எனக்கு மூன்றில் ஒன்று விளங்கவில்லை. இப்போது வீட்டுக்குள் எல்லா மூலையிலும் சிக்னல் இருக்கிறது. ரியூசன் போக வேண்டாம், போனிலேயே எல்லாப் பாடமும் இருக்கிறது.

நெடுநாளாக மனதில் கிடந்ததை அன்றைக்குக் கேட்டேன். "அத்தான், அண்டைக்கு ஏன் வேலை போனதை இங்கிலீசிலை சொன்னனீங்கள்?"

"தமிழிலை சொல்ல வெக்கமாக் கிடந்தது. இங்கிலீசிலை எண்டால் வேறை ஆரோ ஒருத்தன் சொல்லுற மாதிரி இருந்தது" என்றார். "பொய்யாச் சொல்லுவம் எண்டாலும் அவ்வளவு இங்கிலீசு எனக்கு எங்கை தெரியும்?"

அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"இப்ப நல்லாத் தெரியும். என்ன பிரச்சினையெண்டு கேட்டாலும் ரெண்டு பாசையிலையும் 'ஒண்டுமில்லை' எண்டுதான் சொல்லுறவர்."

அத்தான் சிரித்தார். பிறகு அக்காவுக்குப் பின்னாலேயே எழும்பிக் குசினிக்குள் போனார்.