மூன்றாவது தூக்குவாளி

எனக்குக் கண்ணில் புரை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்து நாலு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான். மைதானத்தின் அந்தக் கோடியில் எவள் ஓடாமல் நடக்கிறாள் என்று இந்தக் கோடியிலிருந்தே பார்த்து விசில் ஊதுவேன். ஓய்வு பெற்ற பிறகும் கண் அப்படியேதான் இருக்கிறது. அப்படிப்பட்டவள், போன சித்திரைப் பிறப்புக்கு முன்னால், கண்புரை ஆபரேஷனுக்குச் சென்னைக்குப் போகிறேன் என்று என் மதினியிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

மதினி என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா. திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். இருபத்தேழு வயதில் தாலி அறுத்தவள். பிள்ளை குட்டி கிடையாது. நெற்றி நிறையத் திருநீறு, சாம்பல் நிறத்தில் ஏதாவது ஒரு சேலை, சம்பிரதாயம் என்றால் ஒரு நூல் பிசக மாட்டாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கண்டால் உள்ளுக்குள் ஒரு உதைப்புத்தான். ஊரில் அத்தனை பேரையும் அதட்டின என் வாய் அவள் முன்னால் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஆவணியில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். சாவு விழுந்த துட்டி வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, பாயசம் காய்ச்சக்கூடாது. அதற்காக நல்ல நாளும் அதுவுமாக அந்த வீடு வெறும் வாயோடு கிடக்கவும் கூடாது. சொந்தத்தில் யாராவது செய்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு மதினி வந்தாள். கையில் நாலு அடுக்குத் தூக்குவாளி. சுசியம், முந்திரிக்கொத்து, சோறு, சொதி. இரண்டு ஆள் சாப்பாடு. ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்கு எரிச்சல். துட்டி வீட்டில் வந்தவர்களை 'வாங்க' என்று கேட்கக்கூடாது என்பது ஒரு முறை. நான் அதைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போகும்போது அடுக்களையை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்கும் அதே தூக்குவாளி, அதே பார்வை. அடுத்தது சித்திரை விசு, எங்கள் வருஷப் பிறப்பு. இன்னொரு தரம் அவள் பார்வைக்கு முன்னால் சோறு விழுங்க என்னால் ஆகாது என்று முடிவு கட்டினேன்.

மகன் தை மாதம்தான் தாய்லாந்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். போனில் அழுதேன். அவன் சொன்னான்: "இங்க வாங்கம்மா. அஞ்சு நாள் லீவு விட்டிருக்கான். இங்க சித்திரையும் கிடையாது, விசுவும் கிடையாது, யாரும் உங்கள ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ஆத்துல படகு விடலாம், காட்டுக்குள்ள நடக்கலாம்." எதற்கு அஞ்சு நாள் லீவு என்று நான் கேட்கவில்லை. அவனும் கம்பெனியில் கேட்கவில்லை. லீவு கொடுத்தால் வாங்கிக்கொள்ளணும், காரணம் கேட்கக்கூடாது என்பது அவன் கட்சி.

துட்டி வருஷத்தில் கடல் தாண்டி உல்லாசப் பயணம் போனேன் என்று தெரிந்தால் மதினி அதற்குப் பிறகு என் வாசலை மிதிக்க மாட்டாள். பயம்தான் என்றாலும், அவளை விட்டால் அந்த ஊரில் எனக்கு உறவென்று வேறு நாதி இல்லை. அதனால்தான் கண்புரை. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் போன் பேச முடியாது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். எப்போதோ ஒரு துணிப்பையில் அச்சடித்திருந்த பெயர் ஞாபகத்துக்கு வந்தது, சொல்லிவிட்டேன்.

வடக்கே மலையடிவாரத்தில் உள்ள சியாங் மாய் என்கிற ஊருக்கு மகன் கூட்டிப்போனான். விசுவுக்கு முந்தின நாள் காட்டுக்குள் பயணம். துட்டி வருஷத்தில் மலை ஏறக்கூடாது. கோயில் இல்லாத மலைக்குத் தோஷமில்லை என்று நானே ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டு ஏறினேன். வாழ்க்கையில் முதல்முதலாகச் சுடிதார் போட்டிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆறு, பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. காற்றடைத்த ரப்பர் படகில் உட்காரவைத்துத் தலையில் ஒரு தொப்பியை மாட்டினார்கள். மூன்றாவது பாறையில் படகு ஒரு துள்ளுத் துள்ளியது. நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

படகோட்டி 'ஐயோ' என்று அவன் பாஷையில் அலறினான். குறுக்குத்துறையில் பத்து வயதிலேயே தாமிரபரணியை அக்கரைக்கும் இக்கரைக்கும் அளந்தவள் நான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நாலு கை போட்டுக் கரையேறிவிட்டேன். ஆனால் தண்ணீருக்குள் இருந்த அந்த இரண்டு மூன்று நொடியில் ஒன்று தலையில் அடித்தது. நான் கடைசியாக ஆற்றில் முழுகியது பதினாறாம் நாள் கருமாதிக்கு. இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து அமுக்கி எடுத்தார்கள். இப்போது வேறொரு ஆற்றில் முழுகி எழுந்து, கரையில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பது நான்தானா என்று எனக்கே திக்கென்றது.

மறுநாள் விசு. ஊரில் என்றால் விடிந்ததும் முதல் பார்வையாகக் கனி பார்க்கிற நாள். எதையும் பார்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே வெயில் ஏறினபிறகு எழுந்தேன். தங்கியிருந்த இடத்தின் கதவைத் திறந்து, காபிக் கடை எங்கே என்று தெருவில் ஓரடி வைத்தேன். ஒரு முழு வாளி ஐஸ் தண்ணீர் என் தலையில் விழுந்தது.

மூச்சு நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் தெரு முழுக்க ஜனம். கிழவர், குமரி, கைப்பிள்ளைக்காரி, ஒருத்தர் பாக்கியில்லாமல் நனைந்து கிடக்கிறார்கள். வண்டிகளில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர். மேளம். ஊற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிக்கிறார்கள். என் மகன் போனில் எதையோ தேடிவிட்டு, திருட்டு முழி முழித்தான்.

"அம்மா... இன்னைக்கு இவங்களுக்கும் வருஷப் பொறப்பாம்மா. சொங்க்ரானாம்."

"இன்னைக்கேவா?"

"நம்ம சித்திரை ஒண்ணுதான் இவங்களுக்கும்."

"அடப்பாவி! விசு இல்லாத ஊருன்னு சொல்லி விசுக் கடலுக்குள்ளயே கொண்டாந்து தள்ளிட்டியேடா!" என்று நடுத்தெருவில் கத்தினேன். கத்தின வாய்க்குள் இன்னொரு கிண்ணம் தண்ணீர் போனது. பேயைக் கண்டு ஓடி, சுடுகாட்டுக்குள்ளேயே போய் நின்ற கதை.

உள்ளே ஓடிவிடத் திரும்பினேன். பக்கத்துக் கடைக்காரப் பெண் வழியை மறித்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் மல்லிகை மிதக்கிற தண்ணீர். என் முன்னால் மண்டியிட்டு, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து அதில் பைய ஊற்றினாள். பிறகு எழுந்து, சந்தனம் மாதிரிக் குழைத்த ஒரு வெள்ளை மாவை என் இரண்டு கன்னத்திலும் தடவினாள். என் மணிக்கட்டில் ஒரு மல்லிகைச் சரத்தைப் போட்டாள்.

நான் கல்லாகிவிட்டேன். எட்டு மாதமாக என் மேல் ஒருத்தர் பூவோ சந்தனமோ வைத்ததில்லை. எதிர்வீட்டு வளைகாப்பில் சந்தனக் கிண்ணம் என் பக்கத்துப் பெண் வரை வந்தது. என்னைத் தாண்டி அடுத்தவளுக்குப் போனது. கொடுத்தவள் என் பழைய மாணவி. அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"அப்பா இல்லங்கத இந்தப் பிள்ளைட்ட சொல்லுலே," என்றேன் மகனிடம். "தெரியாமச் செய்யுது. பெறகு அதுக்கு மனசு சங்கடப்படும்."

அவன் தயங்கித் தயங்கிப் போனில் எழுதி அவர்கள் பாஷைக்கு மாற்றிக் காட்டினான். அந்தப் பெண் வாசித்தாள். சிரிப்பு நின்றது. கையைக் கூப்பினாள். விலகிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து, முன்னைவிட மெதுவாக, மறுபடியும் என் கையில் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாரிடமோ வாளியைப் பிடுங்கினேன். வருகிற போகிறவர்கள் மேலெல்லாம் ஊற்றினேன். ஒரு போலீஸ்காரர் மேலும் ஊற்றினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து இன்னொன்று கேட்டார். தொண்டை கட்டும்வரை கத்தினேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அத்தனை தண்ணீரில் எது எதென்று எவருக்குத் தெரியும்?

உச்சிவேளைக்கு மேல் ஒரு கடைப்படியில் வந்து விழுந்தோம். கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டிருந்த போனை வெளியே எடுத்தேன். மதினியிடமிருந்து வாட்ஸப்பில் பதினோரு அழைப்பு. கையில் இருக்கும்போதே பன்னிரண்டாவது அடித்தது. பதற்றத்தில் அமுக்கிவிட்டேன். வீடியோ அழைப்பு. சட்டென்று கட்டைவிரலால் என் பக்கத்துக் கேமராவை மூடிக்கொண்டேன்.

திரையில் முதலில் தூக்குவாளியின் மூடி தெரிந்தது. பிறகு மதினியின் திருநீற்று நெற்றி.

"ஏட்டி, கேக்கா? எந்த வார்டுல கெடக்க?"

"மதினி, நீங்க எங்கன இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்லதான். ராத்திரி ரயிலுக்கு வந்தேன். விசுவும் அதுவுமா நீ கண்ணக் கட்டிக்கிட்டு வெறும் வாயோட கெடப்பியேன்னு வந்தேன். உள்ள கேட்டா அப்படி யாரும் இங்கன இல்லைங்காவ. சாதா போன் போவல. ஒரு நர்சுப்பிள்ளதான் இதுல போட்டுக் குடுத்துச்சு."

கோவில்பட்டிக்கு வடக்கே தனியாகக் காலெடுத்து வைக்காதவள். அறுபத்தெட்டு வயது.

"தனியாவா வந்தீங்க?"

"பின்ன? எனக்குன்னு யாரு இருக்கா கூட வர? உன் மூஞ்சி தெரியலையே, இருட்டாக் கெடக்கு. சரி, போன கண்ணுகிட்ட வைக்காத. தலையில தண்ணி படாமப் பாத்துக்கோ, என்ன?"

என் முடியிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் முகத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. எத்தனையோ பிள்ளைகளைத் தப்பாட்டம் ஆடினாய் என்று வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். கட்டைவிரலை எடுத்தேன்.

மதினி பார்த்தாள். என் பின்னால் மேளமும் கூச்சலும் போய்க்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். புரை இல்லை, சென்னை இல்லை, மகனிடம் வந்திருக்கிறேன், உங்களுக்குப் பயந்துதான் பொய் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கன்னத்துல என்னது அது?"

"சந்தனம் மாதிரி மதினி. வருஷப் பொறப்புக்கு எல்லாருக்கும் பூசுதாங்க."

"உனக்குமா?"

"அவுக இல்லங்கதச் சொன்ன பெறவுந்தான் மதினி."

"பூவும் குடுத்தாவளா?"

கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் அந்தச் சரத்தைப் பார்த்த பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவள் தாலி அறுத்து நாற்பத்தோரு வருஷம். அத்தனை வருஷத்தில் நானே எத்தனை விசேஷத்தில் அவளைத் தாண்டிக் கிண்ணத்தை நீட்டியிருக்கிறேன் என்று அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

வசவுக்குக் காத்திருந்தேன். அவள் தூக்குவாளியை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தாள்.

"அப்ப இத என்னட்டி செய்ய? ரெண்டு பேருக்குன்னுதான் கொண்டாந்தேன். நல்ல நாளுன்னா தம்பிதான் எனக்கு வாங்கிக்கிட்டு வருவான், கூட உக்காந்து சாப்பிடுவான். அவன் போன பெறவு ஒத்தையில எறங்க மாட்டேங்கு. உன் கூடவே உக்காந்து ஒரு வாய் சாப்பிடலாம்னுதான் தீவாளிக்கு வந்தேன், பொங்கலுக்கும் வந்தேன். நீ கேக்கவேயில்ல. நேத்தையில இருந்து இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

இரண்டு ஆள் சாப்பாடு. தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தாள். மீந்ததை அவள் கண்ணெதிரேயே தெரு நாய்க்குக் கொட்டினேன் நான்.

"சாப்பிடுங்க மதினி," என்றேன். மேளச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ, இன்னொரு தரம் சொன்னேன்.

"இந்த ஒத்த வார்த்தையச் சொல்ல உனக்குக் கடல் தாண்டணுமாக்கும்," என்றாள் மதினி. போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மேல் அடுக்கைத் திறந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை நான் ஈரத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தேன்.