‘யோவ்’ போன பிறகு

திருச்சியில் சரிசெய்து கொடுத்த என் இதயம் பாடாலூர் வரைக்கும்தான் உழைத்தது.

அதற்கு முன்னால் ஒரு வருஷமாக அது தன் இஷ்டத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தது. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார் டாக்டர். மேலறைகள் இரண்டும் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்குகின்றனவாம். அதைப் பார்த்துக் கீழறைகள் கண்டபடி ஓடுகின்றனவாம். பெரம்பலூர் மின்சார ஆபீஸில் எழுத்தராக இருந்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. மேலே நடுங்கினால் கீழே ஓடுவதுதான் எங்கள் ஆபீஸ் நடைமுறையும். மாத்திரைக்கு அடங்காததால் மயக்கம் கொடுத்து நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள். விழித்தபோது இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல மார்பில் சிவப்பாக இரண்டு தடம். உள்ளே அப்படி ஓர் அமைதி. பக்கத்து வீட்டில் ஓயாமல் அழும் குழந்தை சட்டென்று தூங்கிப்போனால் வருமே, அந்த அமைதி.

ஊர் திரும்பும் பஸ் பாடாலூரில் டீக்கு நின்றது. அரியலூரிலிருந்து எனக்குத் துணைக்கு வந்திருந்த அக்கா, ஒரு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாக ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது நெஞ்சுக்குள் யாரோ கோழிக்கூண்டைத் திறந்துவிட்டார்கள்.

“என்னடா மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“பிஞ்சு கசக்குது.”

“எனக்கு நல்லாத்தானே இருக்கு.”

அந்த வெள்ளரிப்பிஞ்சை அவள் முழுதாகத் தின்று முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு இந்த மாதிரி விஷயங்களை மறைக்க ஆளே கிடைப்பதில்லை. கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தை ஏன் விடவேண்டும்?

மறுபடி போனோம். மறுபடி கரண்ட். இந்தத் தடவை அந்தச் சீரான துடிப்பு ஆஸ்பத்திரி வாசல்வரைகூட வரவில்லை. “இனிமே இதோட பழகிக்கிட வேண்டியதுதான் சார்” என்று சொல்லி, துடிப்பு ரொம்ப ஓடாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதினார் டாக்டர். திங்கள் முதல் வெள்ளி வரை சாப்பிட வேண்டும். சனி, ஞாயிறு மாத்திரைக்கு லீவு. உத்தியோகம் பார்க்கிற மாத்திரை.

அக்கா இதற்குள் அரியலூருக்குப் பக்கத்திலுள்ள கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருந்தாள்.

“யார் தலைய?”

“ஒன் தலையத்தான். பின்ன என் தலையவா?”

“வைத்தியம்தான் பலிக்கலையே, அக்கா.”

“உசுரோட திரும்பி வந்தியா இல்லியா? பெருமாள் கிட்ட பேரம் பேசுவியா நீ?”

பேசவில்லை. கல்லங்குறிச்சியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்துவிட்டு, சந்தனம் காயுமுன் பெரம்பலூர் பஸ் ஏறினேன். நான் செய்த தப்பு இதுதான். அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸில் லைன்மேன் ஒருவர்தான் முதலில் கேட்டார்.

“என்ன வைத்தியம் சார் பாத்தாங்க?”

“ஷாக் கொடுத்தாங்க.”

“சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு பெரம்பலூரில் என் நகைச்சுவைக்குக் கிடைத்தது சிரிப்பு இல்லை.

ஊர் போட்ட கணக்கு எளிமையானது. ஆள் திருச்சிப் பக்கம் போயிருந்தார், ஷாக் கொடுத்திருக்கிறார்கள், பெருமாள் கோயில் மொட்டையோடு திரும்பியிருக்கிறார். திருச்சிப் பக்கத்தில் குணசீலம் இருக்கிறது. அங்கும் பெருமாள்தான். புத்தி பேதலித்தவர்களை ஒரு மண்டலம் தங்கவைத்துக் கூட்டி வருகிற ஊர். போதாதா? ஷாக் என்றால் அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்தது மண்டைக்கு வைக்கிற ஷாக்தான். நெஞ்சுக்கும் வைப்பார்கள் என்று மின்சார ஆபீஸிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் தினமும் இட்லி வாங்கும் வீட்டு அம்மா, “குணசீலத்துல தீர்த்தம் மொகத்துல அடிப்பாங்களாமே, நல்லா கேக்குமாம்ல?” என்று அன்பாக விசாரித்தபோதுதான் எனக்கு விளங்கியது. “நான் போகலைங்க” என்றேன். “போனவங்க எல்லாம் அப்படித்தான் சொல்வாங்களாம்” என்று இரண்டு இட்லி கூட வைத்தார்.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பெரியது சைக்கிள் கடைதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் அந்தக் கடைக்காரர். என் வயசுதான். ஆபீஸ் விட்டதும் அவருடைய பெஞ்சில் உட்கார்ந்து இருட்டும்வரை சண்டை போடுவது எனக்கு வழக்கம். வீட்டில் என்னோடு பேச யாருமில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் தலையணைக்குள்ளிருந்து பேசும், அதுவும் வாக்கியத்தை முடிக்காது. ஆகவே ஒரு நாளைக்கு எனக்கென்று இருந்த பேச்சு முழுவதும் அந்தப் பெஞ்சில்தான். “யோவ் கரண்டாபீசு” என்று ஆரம்பிப்பார். எங்கள் பெரிய சண்டை கடலைப் பற்றியது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சிப்பி பதிந்த கல் கிடைக்கிறது, ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கடல் இருந்தது என்று நான் படித்ததைச் சொல்வேன்.

“யோவ், குடிக்கத் தண்ணியில்லாம கொடத்தத் தூக்கிட்டு அலையிறோம், கடல் இருந்துச்சாங்கறான்! படிச்சவன்லாம் சேந்து ஊரக் கெடுக்கறீங்கய்யா. ஒனக்கு என்ன, மறை கழண்டு போச்சா?”

வருஷக்கணக்காக இது நடந்தது. இரண்டு பேரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை.

மொட்டையோடு போன அன்று அவர் எழுந்து நின்றார். “வாங்க. உக்காருங்க.”

‘ங்க’வைக் கேட்டதும் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

சரி, சூடு பிடிக்கட்டும் என்று கடல் பேச்சை எடுத்தேன். “என்ன, அரியலூர்ல கடல் இருந்துச்சா இல்லியா?”

“இருந்திருக்கும்ங்க.”

“கப்பல்கூட வந்துச்சு. ஒம்ம கடை வாசல்லதான் நங்கூரம் போட்டாங்க.”

“வந்திருக்கும்ங்க.” பஞ்சர் ஒட்டிய ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார். தொட்டியில் குமிழிகூட வரவில்லை.

ஒரு மாதம் பொறுத்தேன். என்ன அபத்தம் சொன்னாலும் ஒப்புக்கொண்டார். ஜோக் சொன்னால் கவலையோடு பார்த்தார். சிரிப்பு மூட்டியே பேர் வாங்கினவனுக்கு, தன் ஜோக் ஒவ்வொன்றும் நோயின் அறிகுறியாகப் பார்க்கப்படுவதைவிட வேறு தண்டனை வேண்டாம். வாயை மூடிக்கொண்டாலோ, “இன்னிக்கு கொஞ்சம் தேவலை போல” என்று பக்கத்துக் கடையில் சொல்வது காதில் விழுந்தது. எனக்கு அந்த ‘யோவ்’ திரும்ப வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “எனக்குப் பைத்தியம்னு நெனைக்கிறீரா?”

“சேச்சே. யாரு சொன்னா அப்படி?” இவ்வளவு வேகமாக அவர் எதையும் மறுத்ததில்லை.

“மண்டைக்கு இல்லய்யா, நெஞ்சுக்கு வச்ச கரண்டு. வச்சும் கேக்கல. இந்தா, கைய வை.” சட்டைப் பொத்தானைக் கழற்றி, கிரீஸ் கையைப் பிடித்து மார்பில் வைத்துக்கொண்டேன்.

முதலில் சங்கடமாக நெளிந்தார். பிறகு நெளியவில்லை. இதயம் ரெண்டு அடித்தது, நின்றது, அப்புறம் யாரோ துரத்துவதுபோல ஓடியது. அவர் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். ஒரு மனிதக் கை அத்தனை நேரம் என் மேல் இருந்தது அந்த வருஷத்திலேயே அப்போதுதான் என்பதும் எனக்கு உறைத்தது.

“என்னங்க இது! இதோடயா நடமாடுறீங்க?”

“இதோடதான். பழகிக்கிட வேண்டியதுதானாம்.”

“அப்ப... புத்தி நல்லாத்தான் இருக்கா?”

“இருந்த அளவுக்கு இருக்கு.”

அவர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள்ளிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டார். “பெஞ்சு வேணாங்க, இதுல சாஞ்சு உக்காருங்க. நான் வேற இத்தனை வருஷமா ஒங்க கிட்ட கத்திக்கிட்டு இருந்திருக்கேன்.” கண் கலங்கியிருந்தது. பைத்தியக்காரனிடம் என்றாவது ஒருநாள் மறந்துபோய்க் கத்தியிருப்பார். நெஞ்சுக்காரனிடம் இனிக் கத்தவே மாட்டார். நானே என் கையால் கதவைச் சாத்திவிட்டேன்.

அந்த நாற்காலியில் உட்காருவது ஜில்லா கலெக்டர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனதுபோல இருந்தது. அடிக்கடி போவதைக் குறைத்தேன். ஆபீஸ் விட்டு நேராக வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரிப்பேன். நல்ல வரி வந்தால் யாரிடமாவது சொல்லத் தோன்றும். சுவரில் பல்லி இருக்கும்.

மழை தொடங்கிய ஒரு சாயங்காலம், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே அவர் குரல் கேட்டது. “யோவ், உடையார்பாளையம் பஸ்ஸு எந்த வழியா போவுதுன்னு எனக்கா சொல்ற? நேத்து வந்த ஆளு நீ!” அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த டிராயிங் வாத்தியார் ஒருவர் என் பெஞ்சில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல சண்டை. வாத்தியார் சொல்வது தப்பு. ஆனால் தப்பை நன்றாகச் சொன்னார். எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் நின்று, கொஞ்ச நேரம் கேட்டேன். நெஞ்சு ஓடியது. நடந்ததால் என்று சொல்லமுடியாது, நின்றுகொண்டுதான் இருந்தேன்.

தெருவைத் தாண்டினேன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். வாத்தியாருக்கு யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாற்காலி வந்தது. மழைச் சத்தம் கேட்கிற அளவுக்குக் கடை அமைதியானது.

வாத்தியார் மரியாதையாகக் கேட்டார்: “அந்த பஸ்ஸு எந்த வழியா போவுதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. யார் சொல்றது சரிங்க?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழையபடி சண்டை மூண்டிருக்கும். ஆனால் இரண்டு பேருடைய முகத்திலும் ஒரே கவலை இருந்தது: இந்த ஆள் எப்போது கிளம்புவார், நாம் எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம்.

“ரெண்டு பேரு சொல்றதும் சரிதாங்க” என்றேன்.

மழை விடும்வரைகூட உட்காரவில்லை.