சுண்ணாம்பு கேட்காத வருஷம்

சுண்ணாம்பு மூட்டை அடுக்கின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கடை வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் என் வீட்டுக்காரி. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயில் எங்கள் முதல் கடை அது. பலகை, தகரம், ஆணி, சிமெண்டு, சுண்ணாம்பு, வீடு கட்ட எது வேண்டுமானாலும் எங்களிடம் கிடைக்கும். "என்னத்தப் பாக்குற?" என்றேன். "தோட்டத்து லோரி இன்னும் வரலங்க," என்றாள். "வரும் லா. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு." அவள் திரும்பவில்லை. "வராது," என்றாள். எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அவள் போய்ச் சேர்ந்தே பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் கையில் வெள்ளைத் தூள் ஒட்ட அவள் நின்ற அந்த நிற்பு மட்டும் என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் ஈப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மர ஆலையில் பலகை சுமந்தேன். தோளில் காய்த்த காய்ப்பு இன்னும் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம். அப்படிச் சுமந்தவன்தான் சொந்தமாகக் கடை போட்டேன், ஒன்று மூன்றாயிற்று. லூமுட்டில் கடற்படைக்காரர்களுக்குக் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் சிமெண்டெல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. மற்றக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். என் கொட்டகை மட்டும் நிறைந்து கிடந்தது. தகரக் கூரைக்கு மவுசு குறையும் என்றேன், குறைந்தது. பலகை வீடு கட்டுகிறவன் கல்வீட்டுக்குப் போவான் என்றேன், போனான். காப்பிக் கடைக்கு நான் போனால் சீன முதலாளிகள், பெரிய பெரிய தவுக்கேக்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுத்து எந்தச் சரக்கு ஏறும் என்று என்னிடம் கேட்பார்கள். பத்திரிகையில் வருவது நடந்து முடிந்த சங்கதி. நான் சொன்னது நடக்கப்போவது. அதில் பாதி அவள் மூளை. எது விற்கிறது என்று நான் பார்ப்பேன். எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று அவள் பார்ப்பாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நீளக் கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கிடக்கும் லயத்து வீடுகளுக்குத் தீபாவளிக்கு முன்னால் நிர்வாகமே வெள்ளையடித்துக் கொடுக்கும். நாங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குச் சுண்ணாம்பு எங்கள் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் முதலில் கூரைக்குத் தகரம் கேட்கவில்லை. பிறகு கதவுக்குப் பலகை கேட்கவில்லை. இப்போது சுண்ணாம்பும் இல்லை. "வேற கடையப் புடிச்சிட்டானுங்க போல," என்று நான் எரிச்சல்பட்டேன். "இல்லங்க. தோட்டத்த விக்கப் போறானுங்க. இடிக்கப் போற வீட்டுக்கு எவன் வெள்ளையடிப்பான்?" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. அவளுடைய ஒரே அண்ணன் அந்த லயத்தில்தான் இருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அப்போது குனோங் ராபாட்டில் மலிவு விலை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கதவு நிலையெல்லாம் நான் கொடுத்ததுதான். ஆனால் கையில் வேலை இருக்கிறவனுக்குத்தான் வங்கிக்காரன் கடன் கொடுப்பான். தோட்டம் கைமாறி வேலை போய்விட்டால், வீடும் போய், வீடு வாங்கும் வழியும் போய்விடும். அண்ணனுக்கு ஒரு கூரை அமைய வேண்டும், அதுவும் அவருக்கு வேலை இருக்கும்போதே அமைய வேண்டும். அவளுக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை. சிக்கல் என்னவென்றால் மச்சான் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. நான் புதுக் கார் வாங்கி, லயத்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போனதிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார், ஏன் அடிக்கக் கூடாது?

நாங்கள் போனபோது மச்சான் வாசலில் உட்கார்ந்து சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "வாங்க, பலகைத் தவுக்கே! சத்தத்தையே காணோம், ஹாரன் ரிப்பேரா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அண்ணே, தோட்டத்த விக்கப் போறாங்க. வேல இருக்கும்போதே ராபாட்ல ஒரு வீட்டுக்குப் பேரக் குடுத்துருங்க."

"யாரு சொன்னா? தொரை ஒன் வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டு சொன்னாரா?"

"இந்த வருஷம் சுண்ணாம்பு வாங்கல அண்ணே."

இந்தத் தடவை லயமே சிரித்தது. "சுண்ணாம்பு போகலன்னா ஒம் புருஷனுக்கு நட்டம், எனக்கென்ன லா? வீடு வாங்கு, வீடு வாங்குன்னா என்னா அர்த்தம்? அவரு பலகை விக்கணும், அதானே?" எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. "நல்லாத் திட்டு அண்ணே. திட்டிக்கிட்டே பேரக் குடு," என்றாள். அவர் கடைசிவரை கொடுக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்குள் தோட்டம் கைமாறிவிட்டது. வேலை நின்றது. சனங்கள் அங்குமிங்கும் சிதறினார்கள். லயத்தைப் பிரித்து எடுக்கும் வேலை எனக்கே வந்தது. ஊர் முழுக்கச் செங்கல்லுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம்தான். ஆனாலும் கறையான் தொடாத பழைய செங்கால் மரத்துக்கு டவுனில் அடிபிடி. அதை வேறொருவன் எடுக்க நான் விடுவேனா? ஆட்களோடு லோரி ஏறியபோது அவளும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மச்சான் மட்டும் இன்னும் காலி செய்யவில்லை. "அந்தக் கோடி வீட்டுலேர்ந்து பிரிங்க. எங்கண்ணன் வீட்டுக்குக் கடைசியா வாங்க," என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, அவர் வாசலில் அவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். தினமும் வந்தாள், தினமும் உட்கார்ந்தாள். தகரம் தகரமாக, பலகை பலகையாக லயம் அவர்களை நோக்கிக் குறைந்துகொண்டே வந்தது. "வா அண்ணே" என்று அவளும் கூப்பிடவில்லை, "போ" என்று அவரும் சொல்லவில்லை. கொண்டுவந்த சோற்றை இரண்டு பேரும் அந்தத் தூசியிலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள்.

கடைசியில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு வந்தோம். என் ஆள் ஒருவன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். நல்ல பலகை, நீளவாக்கில் பிளந்தது. மச்சான் துள்ளி எழுந்தார். "டேய்! ஆணியப் புடுங்கிட்டு நெம்புடா! இத்தன வருஷம் நின்ன பலகைய ஒரே நாள்ல ஒடைக்கிறியே!" கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார். ஆணியை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பலகையைக் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்துக் கீழே படுக்க வைத்தார். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று போய், தன் வீட்டுச் சுவரையும் தானே பிரித்தார். நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல், "இந்த ஆளுங்கள வெச்சி யாவாரம் பண்ணுனா ஒம் புருஷன் வெளங்குவாரா?" என்று அவளிடம் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மழ வருது அண்ணே, வண்டியில ஏறு," என்றாள். ஏறினார்.

பிறகு எண்பதுகள் முழுக்க என் மரக்கொட்டகை அவர் கையில்தான் இருந்தது. குனோங் ராபாட்டில் நான் கட்டிய வீட்டில் பின்னறை அவருடையது. ஆனால் அத்தனை வருஷத்தில் நானும் அவரும் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஒம் புருஷனுக்கு மரம் ஈரமா இருக்குன்னு சொல்லு" என்பார். "எனக்குத் தெரியும், காயட்டும்னு ஒங்கண்ணங்கிட்ட சொல்லு" என்பேன். நடுவில் அவள். காரத்தைக் குறைத்துச் சொல்வாள். சில நாள் வேண்டுமென்றே கூட்டியும் சொல்வாள். எத்தனை சண்டை, எத்தனை சிரிப்பு.

இப்போது கடையை மகன் பார்க்கிறான். எந்த ஓடு ஓடுகிறது, எந்தச் சுவர்ச் சாயம் படுத்துவிட்டது என்று போனைத் தடவிக்கொண்டே சொல்வான், கெட்டிக்காரன். எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று நான் கேட்டால், "அது போன்ல வராதுப்பா," என்கிறான்.

நேற்று மத்தியானம் மச்சானும் நானும் சோற்றுக்கடையில் வாங்கி வந்த சோற்றை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு கிழங்கள், ஒரு மேசை. குழம்பைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு அவர் ஆளில்லாத சமையற்கட்டைப் பார்த்து, "உப்பு கூடயிருக்கே, அவருக்குத் தெரியலியான்னு கேளு," என்றார். நானும் அந்தப் பக்கமே பார்த்து, "தெரியுதுன்னு சொல்லு," என்றேன். சொல்லிவிட்டு இரண்டு பேரும் அந்தக் குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டோம்.