ராஜாமணி அக்கா தைத்த பாக்கெட்

ராஜாமணி அக்கா மேல் எனக்குப் பல வருஷக் கோபம் ஒன்று உண்டு. எங்கள் வேதக்கோயில் கட்டட நிதிக்கு இரும்பு உண்டியல் வேண்டும் என்றார்கள். சிதம்பரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் நான். கூலி வாங்காமல் செய்து கொடுத்தேன். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, அறுப்பின் பண்டிகையன்று திறப்பார்கள். முதல் வருஷம் எண்ண உட்கார்ந்தோம். இந்த அம்மாள் ஊசி நூலோடு வந்து, சபை பார்க்க என் சட்டைப் பாக்கெட்டின் வாயைத் தைத்துவிட்டார். மற்றவர்களுக்கும் தைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் என்னுடையது.

கடலூரிலிருந்து வந்திருந்த என் மச்சான் ஜெயப்பிரகாஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா மாமா, பெட்டியும் செஞ்சிக் குடுத்துட்டு பாக்கெட்டையும் மூடிக்கினியா?" அன்றிலிருந்து அவனுக்கு நான் 'தைச்ச பாக்கெட்'. வருஷா வருஷம் அதே கதைதான், முதல் தையல் எனக்குத்தான்.

அக்கா மேல வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவர். காலையில் கோயிலைக் கூட்டுவார், மணி அடிப்பார். உண்டியலின் ஒரு சாவி அவர் இடுப்புச் சுருக்குப்பையில், இன்னொன்று பொருளாளரிடம். காணிக்கை விஷயத்தில் அவரிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. தனியாக யாரும் எண்ணக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். ஒருத்தர் எழுந்து வெளியே போனால் அவர் திரும்பி வரும்வரை மற்றவர்கள் காசில் கை வைக்கக் கூடாது. "டீ ஆறிப்போவுதுக்கா" என்றால், "ஆறினா வேற போட்டுக்கலாம். பேரு போனா எங்க போடுவ?" என்பார்.

காரணம் அவர் வீட்டுக்காரர் கண்ணாயிரம். கடலூரில் ஒரு கோயிலில் காணிக்கை எண்ணுகிறவர். ஒரு ஞாயிறு மற்றவர்கள் சாப்பிடப் போய்விட, இவர் தனியாக உட்கார்ந்து எண்ணி முடித்திருக்கிறார். பிறகு பார்த்தால் தொகை குறைந்தது. "யாரும் திருடன்னு சொல்லல தம்பி. கை குடுக்கறத மட்டும் நிறுத்திட்டாங்க" என்று அக்கா ஒருமுறை சொன்னார். அந்த மனுஷன் முதலில் கோயிலுக்குப் போவதை விட்டார், அப்புறம் சாப்பாட்டை விட்டார். அவரைப் புதைத்துவிட்டுத்தான் அக்கா சிதம்பரம் வந்தார்.

போன வருஷம் புதுப் பொருளாளர் வந்தார். பெயர் அறிவழகன், கடலூரில் மனை வாங்கி விற்கிறவர். வாய்க்கு வாய் அக்கா என்பார். இந்த வருஷம் பண்டிகை நெருங்கும்போது, பூட்டுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று அக்காவின் சாவியை வாங்கிப் போய், கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், தன் சாவியையும் எடுத்து எல்லார் முன்னாலும் அக்கா கையில் வைத்தார்.

"நான் கடலூருக்கும் இங்கயும் அலையற ஆளு. ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. உங்கள நம்பாம யார நம்பறது?"

சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். அக்கா முகம் வெளுத்துப்போயிருந்தது.

மறுநாள் பட்டறைக்கு வந்து தன் பழைய சாவியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாரு."

சோப்பு வாசனை. சாவியின் பல் இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சோப்பில் அழுத்தி அச்செடுத்தால் அதே மாதிரி வேறு சாவி வெட்டலாம்.

"எண்ணெய் போடறேன்னு வாங்கினான். எண்ணெயக் காணம், சோப்பு இருக்குது. ரெண்டுக்கும் அவன்கிட்ட காப்பி இருக்கும். நெஜ சாவி ரெண்டும் என்கிட்ட. பெட்டி காலியானா யாரு திருடி?"

"போலீசுக்குப் போலாம்க்கா."

"போயி சோப்பக் காட்டவா? துணி தொவச்ச கைன்னுவான். ஞாயித்துக்கெழம நீ ஒரு ஊசி எடுத்துக்கினு வா."

அந்த ஞாயிறு அக்கா சனத்தை நிற்கவைத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். நோட்டு மேல்வரை இருந்தது. பூட்டினார். இரண்டு சாவியையும் சுருக்குப்பைக்குள் போட்டு என்னிடம் தந்தார். கோணி ஊசியால் பையின் வாயைத் தைத்தேன். வெல்டிங் பிடித்த கை. தையல் தாறுமாறாகப் போனது.

"நீங்களே அழகா தைப்பீங்களேக்கா" என்று யாரோ கேட்டார்கள்.

"என் தையல எந்த டெய்லரும் தைச்சிடுவான். இவன் கோணல எவன் தைப்பான்?"

சனம் சிரித்தது. அறிவழகனும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் சிரித்தபடியே இருந்தார். கண் மட்டும் பையின் மேல் நின்றது. இனிமேல் காசு குறைந்தால், தைத்த பைக்குள் இல்லாத வேறு சாவிதான் திறந்திருக்க வேண்டும். அந்தத் தையல் பிரிந்துவிட்டாலோ, பழி அக்கா மேல்.

சாயங்காலமே அறிவழகனிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, அந்தத் தையல் பிரிஞ்சிட்டா திரும்ப அதே மாதிரி போடுவீங்களா?"

"எதுக்குப் பிரியுது?" என்றேன். வைத்துவிட்டார்.

அந்த வாரமே அக்கா கடைப் பூட்டு உடைந்து கிடந்தது. மெஷின் அப்படியே இருக்க, துணிப்பைகளை மட்டும் கொட்டிக் கிளறியிருந்தார்கள். பிறகு கடைக்கு எதிரே ஒரு பைக் நிற்க ஆரம்பித்தது. ஓட்டுகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. பையை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். "குடுத்தா அந்த பைக் உன் பட்டறைக்கு வரும்" என்றார்.

பண்டிகைக்கு முந்தின வாரம், அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகையில் பின்னால் வந்த பைக் அவர் தோள்பையைப் பிடித்து இழுத்தது. அக்கா விடவில்லை, தார் ரோட்டில் விழுந்து இழுபட்டார். போன தோள்பையில் இருந்தது சாப்பாட்டு டப்பா. சுருக்குப்பை இடுப்பிலேயே இருந்தது. இடுப்பெலும்புதான் உடைந்துவிட்டது. கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நான் பார்க்கப் போனபோது கட்டிலருகே ஆப்பிளும் சாத்துக்குடியும் இருந்தன.

"அறிவழகன் வந்தான்" என்றார் அக்கா. "தூங்கற மாரி கண்ண மூடிக்கினேன். அவன் கை மெதுவா என் இடுப்பாண்ட வந்துச்சு. நல்லவேள, நர்ஸ் வந்துட்டா."

மறுநாள் ஆபரேஷன். அதற்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை. ஆகவே அன்று பேசினதுதான் கடைசி.

தலையணைக்கு அடியிலிருந்து பையை எடுத்து என் கையில் வைத்தார். என் கோணல் தையல் அப்படியே இருந்தது.

"நான் வரலன்னாலும் பண்டிகையன்னிக்கு சபை முன்னாடி பிரி. தனியா பிரிக்காத. போதகரே கேட்டாலும் குடுக்காத."

"சரிக்கா."

"உனக்கு என் மேல கோவம்னு தெரியும். உன் மச்சான் கிண்டலும் காதுல வுழுந்துது. பெட்டி செஞ்சவன் நீ. காசு கொறஞ்சா மொதல்ல உன்னத்தான் பாப்பாங்க. அதான் உன்னுத மொதல்ல தைச்சேன். எங்க வீட்டுக்காரருக்குத் தைக்க ஒரு ஆளு இல்லாமப் போச்சு."

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். மரத்தடியில் ஒருவன் ஹெல்மெட்டோடு பைக்கில் உட்கார்ந்திருந்தான். அதே ஆளா, வேறு ஆளா, தெரியவில்லை.

அக்கா கர்சீப்பில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து என் சட்டைக் காலரில் குத்திவிட்டார்.

"எண்ண உக்காரும்போது எல்லார் பாக்கெட்டையும் தைச்சிடு. உன்னுத மொதல்ல."