எட்டு மாதமாக யாரும் வாங்காத பத்து ரூபாய்

பேங்கில் புத்தம்புதுசாக வாங்கிய பத்து ரூபாய் காசு ஒன்று எட்டு மாதமாக என் பாக்கெட்டிலேயே இருக்கிறது. மைசூரில் அதை யாரும் வாங்குவதில்லை, உங்களுக்கே தெரியும்.

கண்டக்டர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர், எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்.

"பேட சார், நோட் கொடி."

வேண்டாமாம். நோட்டுதான் வேண்டுமாம்.

புழங்காத காசுக்குச் சேகரிப்பவர்களிடம் நல்ல மதிப்பு என்று எங்கோ படித்தேன். இன்று தேவராஜ மொஹல்லாவில் பழைய காசு விற்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"இந்தக் கீறல் பரவால்லைங்க. அச்சடிச்ச இடத்துலயே மூட்டைக்குள்ள காசும் காசும் உரசுனது. ஆனா சிங்கத்து மூக்கு தேஞ்சிருக்குது. மேடான இடந்தான் முதல்ல தேயும். இது புழங்குன காசுங்க."

"புழங்கவே இல்லைங்க. ஒருத்தர்கூட வாங்கல."

"எத்தனை பேர்கிட்ட நீட்டுனீங்க?"

யோசித்தேன். கணக்கில்லை.

"பாக்கெட்டுல இருந்து எடுத்து எடுத்துத் திருப்பிப் போட்டீங்கள்ல, அதுல தேஞ்சதுங்க."

பார்த்துச் சொன்னதற்கு இருபது ரூபாய் கேட்டார். ஒரு பத்து ரூபாய் நோட்டையும் அந்தக் காசையும் வைத்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டார். காசை என் பக்கம் தள்ளினார். அதுவரை தமிழில் பேசியவர், "பேட சார்" என்றார்.

இதை வாங்கும் கடை ஏதாவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள். புழங்கின காசு என்று பெயர் வாங்கியாகிவிட்டது. ஒரு தடவையாவது புழங்கட்டும்.