சேற்றில் சாய்ந்த பவர் டில்லர்

கோடை மழையில் ஊறிய குப்பைக்கென்று ஒரு வாடை உண்டு. சாணியும் மாட்டு மூத்திரமும் அழுகின வைக்கோலும் சேர்ந்த வாடை. கூடையில் அள்ளித் தலையில் வைத்தால், அந்தக் கருப்புத் தண்ணீர் சும்மாட்டைத் தாண்டி நெற்றியில் வழிந்து, கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கும்...

சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாலும் கையில் அதே வாடைதான்.

எண்பதுகளின் தொடக்கம். மார்க்கையன்கோட்டையில் நான் வாழ்க்கைப்பட்ட புதிது. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா பேச்சியம்மாள். நான் மதினி என்று கூப்பிடுவேன். கணவர் தவறிய பிறகு தன் சின்ன மகளோடு எங்களிடமே வந்துவிட்டார்.

எங்கள் நெல் வயலுக்குப் போகும் வாய்க்கால் கரை குறுகல். மாட்டு வண்டி நுழையாது. வயலுக்கு உரமாகும் தொழுவத்துக் குப்பை முழுவதையும் மதினியும் நானும்தான் சுமந்தோம்.

ஒருநாள் வீட்டுக்காரர் சின்னமனூரிலிருந்து ஒரு பழைய பவர் டில்லரை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் டீசல் இன்ஜின், இரண்டு சக்கரம், பின்பக்கம் நீண்டு வரும் இரண்டு கைப்பிடி. குட்டி டிரெய்லரை மாட்டினால் குப்பை ஏற்றலாம். அதைக் கழற்றிவிட்டுச் சுழல் கத்திகளை மாட்டினால், தண்ணீர் பாய்ச்சிய வயலைச் சேறாகக் கலக்கலாம்.

மதினி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னலே தம்பி இது... கொம்பு பின்னாடி மொளச்ச வெட்டுக்கிளி கெணக்கா இருக்கு?"

அந்த வெட்டுக்கிளி மத்தியானத்துக்குள் குப்பை மொத்தத்தையும் வயலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. நானும் மதினியும் வெறுங்கூடையைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். கழுத்து வலியில்லாமல் படுத்த அந்தச் சுகம்... சொன்னால் புரியாது.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நாற்றும் தயார். வீட்டுக்காரர் வயலைக் கலக்க ஆரம்பித்தார். கத்திகளில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் இன்ஜினை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். நிறுத்துகிற லீவர் எது, கிளட்ச் எது என்று எனக்குக் காட்டியிருந்தார்.

ஒரு வயலை முடித்து அடுத்ததில் இறக்கும்போது ஊறிப்போன வரப்பு உடைந்தது. வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. கைப்பிடி அவர் நெஞ்சில் இடித்துத் தள்ள, அவர் மல்லாக்க விழுந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வண்டிக்கு அடியில்.

இன்ஜின் நிற்கவில்லை. கத்திகள் அவர் காலுக்குப் பக்கத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைக்கின்றன. அவர் ஏதோ கத்துகிறார், ஒன்றும் கேட்கவில்லை.

கையிலிருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடினேன். சேற்றில் எங்கே ஓடுவது... விழுந்து, எழுந்து, கடைசியில் தவழ்ந்துதான் போனேன். கண்ணெல்லாம் சேறு. தடவித்தான் லீவரைக் கண்டுபிடித்தேன். இழுத்தேன். இரண்டு முறை குலுங்கிவிட்டு இன்ஜின் நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே... அது அதைவிடப் பயமாக இருந்தது.

நான் வண்டியைத் தூக்கப் பார்த்தேன். அசையவே இல்லை. அதற்குள் மதினி வந்துவிட்டார்.

"ஏத்தா செல்வி, தூக்காத! தூக்கி நழுவுச்சுன்னா இன்னும் அமுக்கிப்புடும். காலுக்கு அடியில சேத்தத் தோண்டு!"

இருவரும் மண்டி போட்டுக் கையாலேயே தோண்டினோம். தோண்டத் தோண்டத் தண்ணீர் சேற்றைத் திரும்பக் கொண்டுவந்து நிரப்பியது. நகம் பிய்ந்தது தெரியவில்லை. கடைசியில் மதினி தம்பியின் அக்குளில் கை கொடுத்து இழுக்க, சளக்கென்று சத்தம். கால் வந்துவிட்டது. முழுசாக.

"வெரல ஆட்டுலே."

ஆட்டினார். அஞ்சு விரலும் ஆடின.

அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டிக்கு ஒன்னும் ஆகலையேக்கா?"

மதினி சேற்றுக் கையாலேயே முதுகில் ஒன்று வைத்தார். "ஒங் காலக் காணாம்னு நாங்க இங்கன தோண்டிக்கிட்டுக் கெடக்கோம், ஒனக்கு வண்டியா?" சொல்லிக்கொண்டே அழுதார். நான் ஏனோ சிரித்தேன். நிறுத்தவே முடியவில்லை.

சின்னமனூர் டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒன்னுமில்ல. கீழ சேறா இருந்துச்சு, பொழச்சீக. காஞ்ச தரையா இருந்தா கால் நொறுங்கியிருக்கும்" என்றார். இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த சேற்றை அன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டேன்.

அவர் கட்டிலில் கிடந்தார். மிச்ச வயல் அப்படியே கிடந்தது. நாற்று முற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஓட்டுறேன் மதினி" என்றேன்.

மதினி மண்வெட்டியை எடுத்தார். "வரப்பு ஏறாத. ஒவ்வொரு வயலுக்கும் நான் மொதல்ல வரப்பு மண்ண வெட்டிச் சரிச்சுத் தாரேன், அப்பறம் எறக்கு."

அப்படித்தான் செய்தோம். மதினி மண்வெட்டியோடு முன்னால், நான் கைப்பிடியோடு பின்னால். வாய்க்கால் கரையில் நின்று வேடிக்கை பார்த்த ஆம்பிளைகள் முதல் நாள் சிரித்தார்கள். மறுநாள் சிரிக்கவில்லை. நடவு முடிந்த அன்று மாலை இரண்டு பேரும் வாய்க்கால் தண்ணீரில் கழுத்துவரை உட்கார்ந்திருந்தோம்.

இப்போது வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வாய்க்கால் கரையை அகலமாக்கிவிட்டார்கள், பெரிய டிராக்டரே வருகிறது. ஓட்டுகிற பையன் செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை, டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. நல்லதுதான். யாருடைய காலும் எதற்கடியிலும் போகவில்லை. அந்த நாள் திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது.

மதினி கூடலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் போனில் சொன்னேன். "டிராக்டருக்குள்ள பாட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டே உழுகுறான் மதினி."

"பாட்டா! நல்லா இருக்கட்டும்த்தா. அவனாச்சும் கேக்கட்டும்."

போனை வைக்கப் போனேன். அதற்குள் அவரே கேட்டார்.

"ஒருநா என்னய வயலுக்குக் கூட்டிட்டுப் போறியா? எறங்க வேணாம்... கரையில நின்னு பாத்துட்டு வந்துருவோம்."