வரவேற்பு மேசையில் அம்மா

என் கட்டிலில் விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருக்கிறாள் அம்மா. மூலைகளில் நாற்பத்தைந்து டிகிரி மடிப்பு. தலையணை உறையின் வாய் கதவைப் பார்க்கக் கூடாது. முடித்ததும் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். இரவில் நான் அதற்குள் கடிதம் உறைக்குள் போவதுபோலப் போக வேண்டும். காலை அசைக்க முடியாது. "அசையறதுக்கா படுக்கை? தூங்கறதுக்குத்தானேடி?"

ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டல் நிர்வாகப் பட்டயப் படிப்பு. இப்போது ஒரு நடுத்தர ஓட்டலில் பயிற்சி. போன வருடம் அப்பா இறந்தார். அதன்பின் அம்மா சாப்பாட்டு மேசையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. சில மாதம் கழித்து ஒரு காலையில் எழுந்தாள். "இப்படிச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தா யாராவது சம்பளம் குடுப்பாங்களா?" அந்த வாரமே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள். நின்றுபோன எதுவும் இவ்வளவு சீக்கிரம் மறுபடி ஓடி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இப்போது தட்டுகள் குறைவு. ஒரே கையில் மூன்று தட்டு ஏந்தப் பழகியதன் விளைவு. சித்தி வந்தால் வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டு, "பயணம் சௌகரியமா இருந்ததா?" என்கிறாள். சித்தி அடுத்த தெருவில் இருப்பவள்.

"ரூம் வாடகை எவ்வளவுக்கா?"

"உனக்கு ரூம் இல்ல. எல்லாம் ஃபுல்."

உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள் ஆன்ட்டி. வரவேற்புப் பிரிவின் மேனேஜர் என்னைவிட இளையவர். அம்மா அவரை மேடம் என்கிறாள். "திட்டும்போது வாய் தவறி 'பாப்பா'ன்னு வந்து தொலைச்சிடுமோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன். அதைப் பாத்துட்டு, நல்லா சிரிச்ச முகம்னு மார்க் போட்டுட்டாங்க."

வருகிறவர்களுக்கு அறை கொடுப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அறையைக் காலி செய்கிறவர்களிடம்தான் சிக்கல். சாவி அட்டையை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து, வாசல்வரை கூடவே போய்விடுகிறாள். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். மேனேஜர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை நான் பக்கத்துலயே நிப்பேன். கவுன்ட்டரை விட்டு நகர்ந்தீங்கன்னா பயிற்சி முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட மாட்டேன்." கையெழுத்து இல்லையென்றால் பட்டயம் இல்லை. அதே ஓட்டலில் கிடைக்கவிருந்த வேலையும் இல்லை.

"நகராம இருந்துட்டுப் போயேம்மா" என்றேன்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்பா செருப்பையும் கண்ணாடியையும் ஒரு பையில போட்டுக் குடுத்தானே ஆஸ்பத்திரியில. நாம திரும்பக்கூட இல்ல, அடுத்தது யாருன்னான். ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது.

"அந்த மாதிரி 'அடுத்தது யாரு'ன்னு என்னால சொல்ல முடியாதுடி."

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனேன். "தெரிஞ்சவ மாதிரி காட்டிக்காதே" என்று முன்கூட்டியே உத்தரவு. சோபாவில் அந்நியர் முகத்தோடு உட்கார்ந்தேன். நல்ல கூட்டம். கல்யாணத்துக்கு வந்திருந்த கும்பல் ஒன்று பெட்டிகளோடு மொத்தமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. மேனேஜர் கையில் பேனாவோடு அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தார்.

ஒரு பெரியவர் சாவி அட்டையை நீட்டினார். அம்மா பில்லைக் கொடுத்தாள். அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு திரும்பினார். அம்மாவின் உடம்பு கவுன்ட்டர் ஓரம்வரை போனது. அங்கேயே நின்றது.

"பாத்துப் போங்க சார்! வாசல்ல ஒரு படி இருக்கு!" கூடம் முழுக்கக் கேட்கும் குரல். பெரியவர் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

அடுத்து ஒரு தம்பதி. அதன்பின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம்: "குடையை விட்டுடாதீங்க!" "பாப்பாவுக்குக் காதை மூடுங்க, வெளிய காத்து!" இந்தப் பாப்பாவுக்கு மேனேஜரும் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்தைப் போட்டார்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய வலது கை அடுத்தவரின் சாவி அட்டையை வாங்கிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த குழந்தை கண்ணாடிக் கதவைத் தாண்டி மறையும்வரை, தலைக்கு மேலே தூக்கிய இடது கை டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.